நாற்பத்து மூன்றாவது டேர்ன்

மிக்சர் பொட்டலம் என்பது தின்கிற சாமான் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் ஏதோ ஒரு மாடியறையில் உட்கார்ந்து, வீடியோ கேம் ஆடிக்கொண்டே வாய் ஓயாமல் பேசி, அதை யூடியூபில் போடுகிற நான்கு பையன்களின் கூட்டத்துக்கு அதுதான் பெயர். ஆட்டம் சுமார். பேச்சுதான் சங்கதி. சுவரில் முட்டிச் செத்தாலும், அந்தச் சாவை நால்வரும் மாறி மாறி வர்ணிக்கிற அழகுக்காக எட்டு லட்சம் பேர் பார்க்கிறார்கள்.

நானும் ஆறு வருடமாகப் பார்க்கிறேன். எல்லைக்கு இந்தப் பக்கம், கேரளத்தில், அமரவிளை ஜங்ஷனில் ஒரு போட்டோஸ்டாட் கடையில் எனக்கு வேலை. மெஷின் ஒரு பக்கம் ஆதார் கார்டுகளைத் துப்பிக்கொண்டிருக்கும், என் ஒரு காதில் அவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். அம்மா படுத்த படுக்கையாக இருந்த எட்டு மாதமும் என்னைச் சிரிக்க வைத்தது அந்த நான்கு பேர் மட்டும்தான். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை.

ரசிகை என்றால் வீட்டில் இருந்து ரசித்துவிட்டுப் போகவேண்டியதுதானே. புத்தி கெட்டுப்போய்ச் சங்கத்தில் சேர்ந்தேன்.

‘மிக்சர் பொட்டலம் ரசிகர் சங்கம், பாறசாலை - நெய்யாற்றின்கரை மேகலா கமிட்டி.’ மேகலா என்றால் மலையாளத்தில் வட்டாரம். பாறசாலையில் ஒரு டயர் கடைக்கு மேலே ஆபீஸ். எழுபத்தாறு உறுப்பினர்கள், பதினெட்டு உபவிதிகள், மூன்று ரப்பர் முத்திரைகள். தலைவர் ரெத்தினதாஸ், ஏதோ ஒரு கிராம ஆபீசில் முப்பத்தொரு வருடம் இருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன மறுநாள் காலையில், முத்திரை குத்த எதுவும் இல்லாமல் தன் கை நடுங்கியதாகவும், சங்கம் தொடங்கிய பிறகுதான் அது நின்றதாகவும் அவரே மேடையில் சொல்லியிருக்கிறார். மிக்சர் பொட்டலத்தின் வீடியோ ஒன்றையாவது பார்த்திருக்கிறீர்களா என்று கேட்டால், “பாக்குததுக்கு உறுப்பினர்மாரு உண்டு” என்பார்.

செயலாளர் பயஸ், பூவாரில் டூரிஸ்ட் போட் ஓட்டுகிறவர். போட் ஜெட்டியில் எல்லாம் டேர்ன்படி, அதாவது முறை வைத்து நடக்கும். முதலில் நிற்கும் போட்டில் முதலில் வருகிற ஆட்கள், அது போனால் அடுத்த போட். நல்ல ஏற்பாடுதான். அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்து சங்கத்தில் வைத்தார் பயஸண்ணன். நீல அட்டை போட்ட ஒரு டேர்ன் புக். புது வீடியோ வந்தால் முதல் கமென்ட் போடுவதற்கு டேர்ன். டேர்ன் உள்ளவர் கடலில் இருந்தால், அவர் கரைக்கு வருகிறவரை மற்ற எழுபத்தைந்து பேரும் விரலைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும். ஒரு தடவை ஓணத்துக்கு வந்த வீடியோவுக்கு, ரசிகர்களின் வாழ்த்து கிறிஸ்துமஸுக்குப் போய்ச் சேர்ந்தது.

எனக்கு அந்த வீடியோக்களிலேயே பெரிய பைத்தியம் பீரோ ஆட்டம். நான்கு பேர் சேர்ந்து ஓர் இரும்பு பீரோவை மலை உச்சியில் உள்ள வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகவேண்டும். வழியில் ஐந்து பாலங்கள். மிக்சர் பொட்டலம் இரண்டு வருடமாக மூன்றாவது பாலத்திலிருந்து கீழே விழுந்துகொண்டிருக்கிறது. எனக்கு வழி தெரியும். அக்கரையில் புதருக்குப் பின்னால் ஒரு கயிறு கிடக்கிறது. அவர்கள் பேச்சு மும்முரத்தில் அதைப் பார்ப்பதே இல்லை. எத்தனையோ தடவை ஸ்கிரீனைப் பார்த்துக் கத்தியிருக்கிறேன். கமென்டில் எழுதலாம் என்றால், என் டேர்ன் வரும்போது வேறு ஏதாவது ஆட்டம் ஓடும். நானே ஆடிப் பார்க்கலாம் என்றால், கடைக் கம்ப்யூட்டர் அந்த ஆட்டத்தைத் திறந்ததும் புகை விடாத குறை. இருநூறு மணிநேரம் பார்த்த ஆட்டத்தை ஒரு தடவைகூடக் கையால் தொட்டதில்லை.

போன மே மாதம் மிக்சர் பொட்டலம் ஓர் அறிவிப்பு விட்டது. ஒரு ரசிகருக்குச் சோப்பு டப்பா அளவில் ஒரு பெட்டி அனுப்புவார்கள். டி.வி.யில் சொருகி நெட் கொடுத்தால் போதும். ஆட்டம் எங்கேயோ இருக்கிற பெரிய மெஷினில் ஓடும். படம் மட்டும் நம்மிடம் வரும், நாம் அமுக்குவது அங்கே போகும். கிளவுட் கேமிங் என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை மாலை நாலு மணிக்கு, லைவில், இருபது நிமிடம் அவர்களோடு சேர்ந்து பீரோ தூக்கலாம். குலுக்கல் போட்டார்கள். என் பெயர் விழுந்தது.

ரேஷன் கார்டு ஜெராக்ஸ் எடுக்க நின்ற ஒரு சேட்டனின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவர் பயந்துபோய் மீதியை வாங்காமலே போனார். பெட்டி அனுப்ப முகவரி கேட்டார்கள். அப்போதுதான் உபவிதி ஒன்பது ஞாபகம் வந்தது. மிக்சர் பொட்டலத்திடமிருந்து வரும் எதுவும் சங்க முகவரிக்கே வரவேண்டும். அந்த விதியை டைப் செய்து பிரின்ட் எடுத்துக் கொடுத்தவள் நான். ஒழுங்காகச் சங்க முகவரியைக் கொடுத்தேன். என்னைப் போல ஒரு புத்திசாலி நெய்யாற்றின்கரை தாலுகாவிலேயே கிடையாது.

பெட்டி வந்த அன்று அவசரப் பொதுக்குழு.

“பெட்டி சங்கத்துக்காக்கும் வந்திருக்கு,” என்றார் பயஸண்ணன். “சங்கத்துக்கு வந்தா டேர்ன்படியாக்கும் ஓடும்.”

“அண்ணா, குலுக்கல்ல வந்தது எனக்க பேராக்கும்.”

“பிள்ளே, நான் சொல்லுகத கேளு. ஜெட்டியில ஒரு வெள்ளக்காரன் வந்து, எனக்கு அந்தா நிக்குத போட்டு வேணும் எண்ணு கைய காட்டுவான். காட்டட்டு. நாங்க டேர்ன் உள்ள போட்டிலதான் ஏத்துவோம். அது ஒழுகுத போட்டானாலும் அதிலதான் அவன் போவணும். இஷ்டம் பாத்து ஏத்தத் தொடங்கினா நல்ல போட்டு வெச்சிருக்கவன் மட்டும் ஓடுவான். பின்ன நான் எங்க போவேன்?”

பலத்த கைதட்டல். தலைவர் எழுந்தார்.

“ஸ்வப்னா நாப்பத்தி மூணாம் நம்பர். நாப்பத்தி ரெண்டு பேரு கழிஞ்சா மோளுக்க டேர்ன் வரும். ஒருத்தரும் தடுக்கல்ல. இது ஜனநாயகமாக்கும்.”

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. ஒன்பது நாளில் நாற்பத்திரண்டு பேர் பீரோ தூக்கியாக வேண்டும். கடைக்கு லீவு சொல்லிவிட்டு டயர் கடை மாடியிலேயே கிடந்தேன்.

ஒன்றாம் நம்பர் வேலாயுதன் மாமன். வயது எழுபத்தொன்று. கட்டிடம் அவருடையது, அதனால் ஒன்றாம் நம்பர். கன்ட்ரோலரை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு ஸ்கிரீனைப் பார்த்தார். அவருடைய ஆள் புல்வெளியில் நின்றான். கால் மணிநேரம் அப்படியே நின்றான்.

“நல்ல காத்து உள்ள எடம்,” என்றார். “வீடு வைக்கலாம்.”

“மாமா, பீரோவத் தூக்கணும்.”

“ஆருக்க பீரோ?”

“தெரியாது மாமா.”

“ஆருக்க எண்ணு தெரியாத சாமானத் தொடப்பிடாது மக்கா.”

கன்ட்ரோலரைத் திருப்பிக் கொடுத்தார். பயஸண்ணன் டேர்ன் புக்கில் டிக் அடித்தார். அந்த ஆட்டத்தை அவ்வளவு மரியாதையோடு ஆடிய இன்னொருவரை நான் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் ஒரு குறை கண்டுபிடித்தார்கள். பட்டனை அமுக்கினால் ஆள் உடனே அசைவதில்லை, கொஞ்சம் தாமதித்து அசைகிறான். ஆட்டம் தூரத்து மெஷினில் ஓடுவதால் நெட் மெதுவாக இருந்தால் அப்படித்தான் இருக்கும் என்று சொன்னேன். தலைவர் மட்டும் அதைக் குறையாகவே எடுக்கவில்லை.

“அமுக்கின ஒடனே அசையணும் எண்ணா அது ரவுடித்தனமாக்கும். நான் இருந்த ஆபீசில ஒரு மனு குடுத்தா ஆறு மாசம் கழிஞ்சாக்கும் அசையும். அதும் ரெண்டு தடவ வந்து கேட்டா. இது அர செக்கன்டில அசையுது. எனக்கு பயமா இருக்கு.”

பயம் தெளிய ஒரு ரிஜிஸ்டர் போட்டார். அமுக்கிய நேரம், அசைந்த நேரம், அமுக்கியவர் கையொப்பம், அதிகாரி கையொப்பம். அமுக்கல் ரிஜிஸ்டர் என்று அட்டையில் எழுதித் தரச் சொன்னார். எழுதித் தந்தேன். அன்றிலிருந்து ஒவ்வொருவரும் ஒரு பட்டன் அமுக்கிவிட்டு ஒரு கையெழுத்துப் போட்டார்கள். பீரோ நாளுக்கு நான்கு அடி நகர்ந்தது.

நான்காம் நாள், மெஷின் சென்னையில் இருப்பதாக யாரோ சொல்லிவிட்டார்கள். கேரளத்தில் இருந்துகொண்டு நாம் எதற்குத் தமிழ்நாட்டு மெஷினில் ஆடவேண்டும் என்று ஒரு கூட்டம் கேட்டது. ஆடுவது தமிழ்ப் பையன்களோடுதானே என்று இன்னொரு கூட்டம். அரை நாள் போயிற்று. மெஷினை நேரில் போய்ப் பார்த்து அறிக்கை தர மூன்று பேர் கொண்ட துணைக்குழு போட்டார்கள். துணைக்குழு எல்லையில் உள்ள களியக்காவிளை வரை போய்ப் பரோட்டா தின்றுவிட்டுத் திரும்பி வந்து, மெஷின் கண்ணில் படவில்லை என்று எழுத்துமூலம் அறிவித்தது.

இப்படியே சனிக்கிழமை மாலை நாற்பத்தொன்றாம் நம்பர் முடிந்தது. இன்னும் ஒரே ஓர் ஆள்.

“நாப்பத்தி ரெண்டு, அனூப்,” என்று வாசித்தார் பயஸண்ணன்.

அனூப் கத்தாரில் இருந்தான்.

“அவன் எழுதித் தந்தா போதாதா அண்ணா?”

“டேர்ன எழுதிக் குடுக்க முடியாது பிள்ளே. ஆடித்தான் தீக்கணும்.”

வீடியோ காலில் பிடித்தோம். பாவம், டூட்டிக்கு நடுவில் ஒரு பில்டிங் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தான். போனை டி.வி.க்கு நேரே பிடித்தேன். பயஸண்ணன் அவன் சார்பில் கன்ட்ரோலரைப் பிடித்துக்கொண்டார். “இடத்தோட்டு, இடத்தோட்டு, நில்லு, நில்லு சேட்டா” என்று இடது பக்கம் திருப்பச் சொல்லி அவன் அங்கிருந்து கத்த, அது இங்கே வந்து, இங்கிருந்து சென்னைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் பீரோ அவன் ஆள் மேலேயே விழுந்தது. இரண்டு இடத்திலும் சிரிப்பு. டிக் விழுந்தது. நான் பயஸண்ணன் கையைப் பிடித்துக் கும்பிட்டேன். அன்று ராத்திரி வீட்டில் தீப்பெட்டியை பீரோவாக வைத்துக் கயிற்றை எப்படிப் பிடிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை போனால், பெட்டிக்கு உத்காடனம். திறப்பு விழா. நாற்பத்திரண்டு பேர் ஒன்பது நாள் ஆடித் தீர்த்த பெட்டியை இனிமேல்தான் திறக்கப்போகிறார்களாம். மேசையில் சிவப்புத் துணி, அதன்மேல் பெட்டி, அதன்மேல் மூன்று முழம் பிச்சிப்பூ. பூவுக்குள் பெட்டி எங்கே இருக்கிறது என்று தேடித்தான் பார்க்கவேண்டும். நிகழ்ச்சி நிரலில் பிரார்த்தனை, வரவேற்பு, தலைமை உரை, நான்கு வாழ்த்துரைகள், பிறகு திறப்பு, பிறகு நன்றி. எங்கள் ஊர் வழக்கப்படி ஒவ்வொரு பேச்சும் மலையாளத்தில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. மூன்று மணிக்குத் தொடங்கவேண்டியது மூன்று ஐம்பதுக்குத் தொடங்கியது.

லைவுக்காக ஒரு போனை மேடையைப் பார்த்து நிறுத்தியிருந்தேன். ஹெட்செட் என் தலையில். நாலு மணிக்குச் சரியாகக் காதில் ரெஜினின் குரல் கேட்டது. மிக்சர் பொட்டலத்தில் அதிகம் பேசுகிறவன் அவன்தான்.

“அக்கா, ரெடியா?”

“ரெடிதான் தம்பி. பெட்டிய இன்னும் தொறக்கல்ல. திறப்பு விழா நடக்குது.”

“சோப்பு டப்பாவுக்கா?”

மேடையில் தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

“நான் இந்த மிக்சர் பொட்டலத்துக்க ஒரு வீடியோவும் பாத்ததில்ல. பாக்காமலே எனக்கு இவ்வளவு பாசம் உண்டு எண்ணா, பாத்தா எவ்வளவு இருக்கும். அதுக்குப் பயந்தாக்கும் நான் பாக்காம இருக்கேன்.”

“மக்களே, கேம் லோடு ஆயிட்டிருக்கு,” என்றான் ரெஜின், லைவைப் பார்க்கும் ஜனங்களிடம். “ஒரு பெரியவர் கத சொல்லுதாரு. ஸ்கிப் பட்டன் எங்க இருக்குன்னு கண்டுபிடிக்கவங்களுக்குப் பரிசு உண்டு. அக்கா, பக்கத்தில நீல புக்கோட நிக்கது யாரு? வில்லனா?”

“அது பயஸண்ணன்,” என்றேன் மெதுவாக. “செயலாளர். இப்பம் மைக்க வாங்குவாரு, பாத்துக்கிடுங்க. வாங்கியாச்சு. இனி ரெண்டு தட்டு. தட்டியாச்சு. இனி விரல நாக்கில தொட்டு புக்க மறிப்பாரு.”

பயஸண்ணன் விரலை நாக்கில் தொட்டார். காதில் நால்வரும் வெடித்துச் சிரித்தார்கள்.

“அக்கா, நிறுத்தாதீங்க.”

எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. நிறுத்தவில்லை. முதல் வாழ்த்துரைக்கு வந்தவர் தன் மகள் கல்யாணத்துக்கும் சேர்த்து அழைப்பு வைத்ததைச் சொன்னேன். வேலாயுதன் மாமன் கண்ணை மூடித் தியானித்து, தியானத்தில் குறட்டை விட்டதைச் சொன்னேன். கைதட்டல் வந்ததும் அவர் விழித்து, தான்தான் பேசி முடித்ததாக நினைத்துக் கும்பிட்டதையும் சொன்னேன். “நாலாவது பேச்சாளர் உயிரோட நாலாவது லெவல் வந்தாச்சு, மலையாளம் முடிஞ்சு, இனி தமிழ், ஆரும் தப்ப முடியாது” என்றேன். ஆறு வருடமாக நான் கேட்டுக் கேட்டுச் சிரித்த அந்த நான்கு பேரும் என் பேச்சுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பறக்கிற மாதிரி இருந்தது. சங்கத்தில் ஒருவருக்கும் இது கேட்கவில்லை. நான் ஏதோ ஜெபம் சொல்கிறேன் என்று நினைத்தார்களாம்.

ரிப்பன் வெட்டி, பூவை விலக்கி, கன்ட்ரோலர் என் கைக்கு வந்தபோது நாலு பத்தொன்பது. நால்வரில் ஒருவன் எனக்காக விலகிக்கொள்ள, ரெஜினும் மற்ற இருவரும் பீரோவைப் பிடித்துக்கொண்டு காத்து நின்றார்கள். நான்காவது மூலையைப் பிடித்தேன். தூக்கினேன். பீரோ ஒரு சாண் எழும்பியது. அவ்வளவுதான், நேரம் முடிந்து ஸ்கிரீன் கறுத்தது. மூன்றாவது பாலம் கிடக்கட்டும், முதல் பாலத்தைக்கூட நான் பார்க்கவில்லை.

பயஸண்ணன் டிக் அடித்தார். “ஸ்வப்னா, டேர்ன் முடிஞ்சு.”

“அண்ணா, நான் ஒரு நிமிஷம்கூட ஆடல்ல.”

“மழ வந்து டூரிஸ்டு எறங்கிப் போனாலும் டேர்ன் போச்சுதாக்கும். இனி எழுபத்தஞ்சு பேரு கழிஞ்சு பாப்போம்.”

எனக்கு அழுகை வந்தது. அத்தனை பேர் முன்னாலும் அழுதேன். ஹெட்செட் இன்னும் தலையில்தான் இருந்தது.

“அக்கா, அழாதீங்க,” என்றான் ரெஜின். “அடுத்த ஞாயிறு வாங்க. பெட்டிகூட வேண்டாம், ஒங்க போனிலயே ஓடும். எங்ககூட பீரோவும் தூக்குங்க, கமென்ட்ரியும் சொல்லுங்க. ஒண்ணு மட்டும். சங்கம் வேண்டாம். நீங்க தனியா வாங்க.”

தனியாக எப்படிப் போவது? நான் உறுப்பினராக இருக்கிறவரை, எங்கள் உறுப்பினர் என்று மூன்று முத்திரையோடு எழுபத்தைந்து பேரும் பின்னாலேயே வருவார்கள். ராஜினாமா செய்யலாம் என்று போய்க் கேட்டேன். ராஜினாமாவுக்கும் டேர்ன் உண்டு, எனக்கு முன்னால் பதினொரு பேர் காத்திருக்கிறார்கள் என்றார்கள். முதல் ஆள் மூன்று வருடமாகக் காத்திருக்கிறார்.

இதற்குள் லைவில் நான் பேசியதை யாரோ வெட்டிப் போட, நாலு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். புதன்கிழமை தலைவர் கடைக்கு வந்தார். ஒரு நோட்டீஸ் டைப் செய்யவேண்டும் என்றார். விளக்கம் கேட்டு எனக்கு அனுப்பவேண்டிய நோட்டீஸ். டைப் செய்தேன். சங்கத்தைக் கேலி செய்ததைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. டேர்ன் இல்லாத நேரத்தில் வர்ணனை செய்ததுதான் குற்றம். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கச் சொன்னார். பெரிதாக்கிக் கொடுத்தேன், முத்திரைக்கும் இடம் விட்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை என்னை நீக்குவதற்குப் பொதுக்குழு. நீக்கத்துக்கு மட்டும் டேர்ன் கிடையாது. போன தடவை நாலு லட்சம் பேர் பார்த்த பெருமையில் இதையும் லைவில் விட்டார்கள். பதினொரு பேர் பார்த்தார்கள். அதில் ஒன்பது பேர் அந்த அறையிலேயே இருந்தவர்கள். மற்ற இரண்டு பேரும் ‘அந்த அக்கா எங்கே’ என்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்கள். தலைவர் தீர்மானத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு என்னிடம் வந்தார். கையில் மைக்.

“மோளே, நீ கொஞ்சம் பேசு. ஒன்ன நீக்குத கூட்டம் எண்ணு நினைக்காண்டாம். சங்கத்துக்க மானப் பிரச்சினையாக்கும்.”

“எனக்க டேர்ன் இல்லியே தலைவரே.”

“கடல்ல ஆளு விழுந்தா டேர்ன் பாக்க மாட்டோம்,” என்றார் பயஸண்ணன். “நீ பேசு பிள்ளே.”

பேசினேன். தலைவர் கண்ணாடியைத் துடைக்கிறார், தீர்மானத்தைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார், இப்போது சரியாகப் பிடித்துவிட்டார், உறுப்பினர் ஸ்வப்னாவை அடிப்படை உறுப்பினர் பதவியிலிருந்து இன்றே நீக்க வேண்டும் என்று வாசிக்கிறார், முதலில் மலையாளத்தில், பிறகு தமிழில். பார்ப்பவர்கள் பதினொன்றிலிருந்து இரண்டாயிரம் ஆனார்கள். தலைவர் என்னைப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார்.

ஆதரிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார். முன்வரிசை தூக்கியது. பின்வரிசை தூக்கியது. கத்தாரிலிருந்து அனூப் போன் ஸ்கிரீனுக்குள் கை தூக்கினான். தூங்கிக்கொண்டிருந்த வேலாயுதன் மாமனின் கையைப் பக்கத்தில் இருந்தவர் தூக்கிப் பிடித்துக்கொண்டார். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் மைக்கில் சொன்னேன்.

பயஸண்ணன் எண்ணினார். மறுபடியும் எண்ணினார்.

“எழுபத்தஞ்சு தானே வரணும். எழுபத்தாறு வருது. ஆருக்க கையாக்கும் அது?”

“எனக்க கையாக்கும் அண்ணா,” என்றேன், கையை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்தேன்.